திகில் ஓவியராக விரும்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேய்க்கதை அட்டைகள், திகில் காமிக்ஸ், மரணத்தையும் கோரத்தையும் கருவாகக் கொண்ட கோட்டோவியங்கள்: இவற்றை வரைந்து பிழைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பல பதில்களுக்கு அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான். சாதாரண உலகத்தை நம்பும்படி வரையத் தெரிந்தவரால்தான் அதைக் குலைத்துக் காட்ட முடியும்.

திகில் ஓவியர் என்று தனியாக ஒரு வேலை இருக்கிறதா?

இருக்கிறது. மாதச் சம்பளத்தோடு கிடைப்பது அபூர்வம், அவ்வளவுதான். நாவல் அட்டை, கதைகளுக்கு உள்படம், காமிக்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டேபிள்டாப் கேம்களின் புத்தகங்கள், வீடியோ கேமுக்கும் சினிமாவுக்கும் கான்செப்ட் ஆர்ட் (உருவங்களையும் இடங்களையும் முன்கூட்டியே வரைந்து காட்டும் வேலை), மெட்டல் இசைக்குழுக்களின் ஆல்பம் உறை, பிரிண்ட் விற்பனை என்று வேலை பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. தமிழில் என்றால் நாவல் அட்டைகள், மின்நூல் அட்டைகள், யூடியூப் கதை சேனல்களின் தம்ப்நெயில்கள், சினிமா. தமிழ் வேலையை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தை நடத்துவது இன்று கடினம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலானவர்கள் பாடப்புத்தகப் படம், விளம்பரம், குழந்தைகள் புத்தகம் என்று வேறு வேலைகளும் செய்கிறார்கள். அதில் குறைச்சல் எதுவும் இல்லை. அமெரிக்க ஓவியர் எட்வர்ட் கோரி தன் விசித்திரமான மரணப் படங்களை வரைந்துகொண்டிருந்த காலத்திலேயே நியூயார்க்கில் டபிள்டே பதிப்பகத்தின் ஆங்கர் வரிசைக்கு அட்டை வடிவமைத்துக்கொண்டிருந்தார்.

எதிர்த்திசையிலும் நடக்கும். சுவிட்சர்லாந்தின் ஹெச்.ஆர். கீகர் தனக்காக வரைந்த ஓவியங்கள் 1977-ல் தொகுப்பாக வந்தன. அதைப் பார்த்துதான் இயக்குநர் ரிட்லி ஸ்காட் அவரை ‘ஏலியன்’ படத்துக்கு அழைத்தார். 1980-ல் அந்தப் படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸ் குழுவில் ஒருவராக ஆஸ்கர் வாங்கினார். யாரும் கேட்காமல் வரைந்த படங்கள்தான் அவருக்கு வேலையைக் கொண்டுவந்தன.

ஓவியக் கல்லூரியில் படித்தே ஆக வேண்டுமா?

வாய்ப்பு இருந்தால் படியுங்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆள் எதிரே உட்கார, நாள் முழுக்க வரையும் பழக்கம் வீட்டில் தனியாக எளிதில் அமையாது.

படிக்க முடியவில்லை என்றால் அதற்காக நின்றுவிட வேண்டாம். கீகர் படித்தது கட்டடக்கலையும் தொழில்துறை வடிவமைப்பும். அவர் உயிரினங்களில் குழாயும் மூட்டும் சரியாகப் பொருந்துவதற்கு அந்தப் படிப்பு ஒரு காரணம். போலந்து ஓவியர் பெக்ஷின்ஸ்கியும் கட்டடக்கலை படித்தவர்தான். ஜப்பானின் திகில் காமிக்ஸ் ஓவியர் ஜுன்ஜி இட்டோ பல் கட்டும் தொழில்நுட்பராக வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். 1987-ல் ஒரு திகில் காமிக்ஸ் இதழின் போட்டியில் அவர் கதைக்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. அதற்குப் பிறகும் அவர் உடனே வேலையை விடவில்லை. நீங்கள் இப்போது பார்க்கும் வேலை எதுவானாலும் அதிலிருந்து கைக்கும் கண்ணுக்கும் ஏதாவது வந்து சேரும்.

ரத்தம், எலும்புக்கூடு எல்லாம் நன்றாக வரைகிறேன். ஆனால் பார்ப்பவர்கள் பயப்படவில்லையே?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை.

ரத்தம் அருவருப்பைத் தரும். அருவருப்பு வேறு, பயம் வேறு. அருவருப்பில் பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பயத்தில் கண்ணை எடுக்க முடியாமல் நிற்பார். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதற்குப் படத்தில் பெரும்பகுதி நம்பும்படி இருக்க வேண்டும், ஒன்றே ஒன்று பிசக வேண்டும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரு வீட்டுக் கூடத்தில் பந்தி. ஐந்து இலை போட்டிருக்கிறது, நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஐந்தாவது இலைக்கு முன்னால் ஆள் இல்லை, ஆனால் சோறு பாதி குறைந்திருக்கிறது. நான்கு பேரும் அந்தப் பக்கம் திரும்பாமல் சாப்பிடுகிறார்கள். மற்ற இலைகளுக்கெல்லாம் நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம், ஐந்தாவது இலைக்கு மட்டும் வலப்பக்கம். இதில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. இலை போட்டுச் சாப்பிட்டுப் பழகிய எவருக்கும் அந்த நுனி உறுத்தும். உறுத்துவது எது என்று கண்டுபிடிக்கும் முன்பே உறுத்தும்.

ஆனால் கவனியுங்கள்: இந்தப் படம் வேலை செய்ய வேண்டுமென்றால் மற்ற நான்கு இலைகளும் அச்சு அசலாக இருக்க வேண்டும். நடு நரம்பு எப்படி ஓடுகிறது, சாப்பிடக் குனிபவரின் முதுகு எப்படி வளைகிறது, சம்மணமிட்ட காலில் வேட்டி எங்கே மடிகிறது என்பதெல்லாம் சரியாக இருந்தால்தான் அந்த ஒரு பிசகு கண்ணில் படும். எல்லாமே கோணலாக இருந்தால் கோணல் என்று ஒன்று தெரியாது. இட்டோவின் பக்கங்களைப் பாருங்கள். பள்ளிக்கூடம், தெரு, கடை எல்லாம் நிதானமாக, சுத்தமான கோட்டில் வரைந்திருப்பார். பக்கத்தைத் திருப்பியதும் வரும் கோரத்துக்கு அந்த நிதானம்தான் முதலீடு.

அப்புறம், தருணத்தைத் தேர்ந்தெடுப்பது. வெட்டு விழும் நொடியை வரையாதீர்கள். அதற்குச் சற்று முன்னால் அல்லது வெகுநேரம் கழித்து. இடையில் நடந்ததைப் பார்ப்பவரே மனதில் வரைந்துகொள்வார்.

உடற்கூறு எந்த அளவுக்குத் தெரிய வேண்டும்?

மருத்துவர் அளவுக்கு வேண்டாம். எலும்பு எங்கே தோலுக்கு வெளியே தெரியும், தசை வற்றினால் எது முதலில் குழியும், பயந்த முகத்தில் எந்தத் தசை இழுக்கும், இவை கைவந்தால் போதும்.

தமிழில் இதற்கு ஓர் அற்புதமான பாடம் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஒரு பெண்பேயை வர்ணிக்கிறார். வற்றிய மார்பு, புடைத்தெழுந்த நரம்பு, குழிந்த கண், வெளுத்த பல், உள்வாங்கிய வயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட இரண்டு பற்கள், மேலே தூக்கி நிற்கும் கணுக்கால் எலும்பு, நீண்ட கணைக்கால். உறுப்பு உறுப்பாக நகரும் இந்தப் பார்வை ஓர் ஓவியருடையது. கணுக்கால் எலும்பு வரை பார்த்திருக்கிறார்! சதை போனால் கால் நீளமாகத் தெரியும் என்பதைக் கவனித்திருக்கிறார். இந்த வரிகளை வைத்துக்கொண்டு ஒரு படம் வரைந்து பாருங்கள். வேறு எந்தக் குறிப்பும் தேவைப்படாது.

பிறகு அம்மையாரின் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கும் உருவம் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படம் இணையத்திலேயே கிடைக்கும். காறை எலும்பும் விலாவும் எங்கே துருத்துகின்றன என்று பார்த்து வரையுங்கள். கோரமும் பக்தியும் ஒரே உடலில் இருக்க முடியும் என்பதை அந்தச் சிற்பி செய்து காட்டியிருக்கிறார். உலகத் திகில் ஓவியத்தில் இதற்கு இணையாகச் சொல்ல எனக்கு அதிகம் தோன்றவில்லை.

விபத்து, பிணவறைப் படங்களைப் பார்த்து வரையலாமா?

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1818, 1819-ல் தன் பெரிய கப்பல் விபத்து ஓவியத்துக்காக வெட்டுண்ட கை கால்களை வைத்து வரைந்தார் என்பது வரலாறு. அதை முன்மாதிரியாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் விபத்துப் படத்தில் இருப்பவர் யாருடைய அப்பாவோ, யாருடைய மகளோ. அந்தக் குடும்பம் உங்கள் அட்டைப்படத்தைப் பார்க்க நேரலாம்.

வேறு வழி நிறைய இருக்கிறது. கறிக்கடையில் தொங்கும் ஆட்டுத்தொடையில் சவ்வும் கொழுப்பும் எப்படி மின்னுகின்றன என்று பாருங்கள். மீன் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பாருங்கள். அழுகிய பப்பாளி, காய்ந்த பாகல் கொடி, ஆலமர வேர், நாள்பட்ட கருவாட்டுத் தலை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூடே இருக்கிறது. ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள்.

கறுப்பு வெள்ளையில் தொடங்குவதா, வண்ணத்திலா?

கறுப்பு வெள்ளை. இந்தத் துறையின் பெரிய சாதனைகள் பலவும் மையிலேயே நடந்தவை. 1919-ல் அயர்லாந்தின் ஹாரி கிளார்க், எட்கர் ஆலன் போவின் கதைகளுக்கு வரைந்த படங்களில் கறுப்புப் பரப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அவர் கண்ணாடி ஓவியக் கலைஞர். தேவாலயச் சன்னல்களில் ஒளி எங்கே நுழைய வேண்டும் என்று யோசித்துப் பழகிய கை அது. மலிவான தாளில் வந்த அமெரிக்கக் கதை இதழ்களான பல்ப் இதழ்களுக்கு வரைந்த வர்ஜில் ஃபின்லே ஆயிரக்கணக்கான புள்ளிகளால் நிழல் கட்டினார். அந்தத் தாளில் தண்ணீர் கலந்த மையால் பூசும் கழுவல் நிழல் சேறாகும், புள்ளி நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் பெர்னி ரைட்சன். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலுக்கு அவர் வரைந்த ஏறக்குறைய 50 படங்கள் 1983-ல் நூலாக வந்தன. யாரும் பணம் கொடுத்துக் கேட்கவில்லை. சம்பாதிக்கும் வேலைகளுக்கு நடுவே ஏழு ஆண்டுகள் வரைந்தார். அந்தக் கோடுகளுக்கு அவர் முன்மாதிரியாகக் கொண்டது ஃபிராங்க்ளின் பூத் என்ற முந்தைய தலைமுறை ஓவியரை. பூத் சிறுவனாக இருந்தபோது பத்திரிகைகளில் வந்த மரச்செதுக்குப் படங்களைப் பேனாவால் வரைந்தவை என்று நினைத்துக்கொண்டு அப்படியே நகலெடுத்துப் பழகினார். அந்தத் தவறான புரிதலில் இருந்தே அதுவரை யாரிடமும் இல்லாத ஒரு பேனா நடை பிறந்தது.

பொருள் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு தொட்டு எழுதும் பேனா, ஒரு 2-ம் எண் தூரிகை, இந்தியன் இங்க், மை பரவாத வழவழப்பான தாள். டேப்லெட்டில் வரைபவர்களும் சில மாதம் இதைச் செய்யுங்கள். அழிக்க முடியாத மை, கோடு போடுமுன் யோசிக்க வைக்கும்.

நம் ஊர்ப் பேய்களை வரையலாமா?

வரைய வேண்டும்! கொள்ளிவாய்ப் பிசாசு, மோகினி, காட்டேரி, பரணி இலக்கியத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கும் பேய்க்கூட்டம் என்று நம்மிடம் இருக்கும் செல்வத்தைப் பாதிகூட யாரும் தொடவில்லை. ஜப்பானியப் பேயின் நீள் கூந்தலை இங்கே கொண்டுவந்து ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு எல்லை உண்டு. சுடலைமாடனும் இசக்கியம்மனும் முனீஸ்வரனும் பேய்கள் அல்ல, லட்சக்கணக்கான குடும்பங்களின் குலதெய்வங்கள். கோரைப்பல்லும் அரிவாளும் இருப்பதால் அவர்களைக் கதையின் வில்லனாக வரைவது அறியாமை. அந்தக் கோயில்களின் கொடை விழாவுக்குப் போய், அங்கே இருப்பவர்களிடம் கேட்டு, அந்தத் தெய்வத்தின் உக்கிரத்தை உக்கிரமாகவே வரையுங்கள். மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்கு வரலாம் என்பது தனி. வழக்கே வராவிட்டாலும் என் பதில் இதுதான்.

போர்ட்ஃபோலியோவில் என்ன இருக்க வேண்டும்?

வேலை கேட்கும்போது காட்டும் படத்தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ. அதில் பத்துப் பன்னிரண்டு படம் போதும். சுமாரான இருபது படம் நல்ல பத்தையும் கீழே இழுத்துவிடும். தலைப்புக்கு இடம் விட்ட இரண்டு மூன்று அட்டைகள், கறுப்பு வெள்ளை உள்படங்கள், ஒரே பாத்திரம் வெவ்வேறு கோணத்தில், காமிக்ஸ் ஆசை இருந்தால் தொடர்ச்சியான மூன்று நான்கு பக்கங்கள். பேயே இல்லாத ஒரு சாதாரணக் காட்சியையும் சேருங்கள். ஓவியரைத் தேர்ந்தெடுக்கும் ஆர்ட் டைரக்டர்கள் அதைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள், இவருக்கு ஒரு அறையை, ஒரு கூட்டத்தை வரையத் தெரியுமா என்று.

அச்சில் வந்ததும் என் படம் கறுப்புக் கட்டியாகிவிடுகிறதே?

திகில் படம் இருட்டானது, திரை ஒளிர்வது. திரையில் தெரிந்த இருட்டு நிழல்கள் தாளில் மூழ்கிவிடும். தாள் மையை உறிஞ்சும்போது புள்ளிகள் பருத்து நடு நிழல்களும் கறுக்கும். செய்தித்தாள் ரகத் தாளில் இது இன்னும் மோசம்.

படத்தை நான்கு மை அச்சு வண்ணமுறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றி, அந்த நான்கு மைகளின் கூட்டு அளவைப் பாருங்கள் (ஒரு மைக்கு அதிகபட்சம் 100 சதவீதம்). பளபளப்பான தாளுக்குப் பொதுவாக 300 சதவீதம், நியூஸ்பிரிண்டுக்கு 240 வரை என்பார்கள். அச்சகத்திடம் அவர்கள் எல்லையைக் கேட்டுவிடுவது நல்லது. வண்ணப்படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), வெறும் கோட்டோவியத்துக்கு 600-க்கு மேல், தாளின் ஓரத்தை வெட்டுவதற்காக நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல். முக்கியமான உருவத்தை இருட்டுக்குள் இருட்டாக வைக்காமல் பின்னாலிருந்து லேசாக ஒளி கொடுத்துப் பிரியுங்கள். மின்நூல் அட்டை என்றால் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கி, ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் படம் புரிய வேண்டும்.

எவ்வளவு கேட்பது?

எல்லோருக்கும் பொருந்தும் தொகை கிடையாது. உங்கள் மாதச் செலவை மாதத்தில் உண்மையாக வரையக் கிடைக்கும் நாட்களால் வகுத்தால் ஒரு நாள் விலை வரும். அதற்குக் கீழே போனால் கைக்காசைப் போட்டு வரைகிறீர்கள் என்று பொருள். அதன் மேல் பயன்பாட்டைச் சேருங்கள். ஒரு சிறுபத்திரிகைக் கதைக்கும் ஊரெங்கும் ஒட்டப்போகும் போஸ்டருக்கும் ஒரே விலை சொல்லாதீர்கள். பாதி அட்வான்ஸ், ரஃப் ஸ்கெட்ச்சுக்கு ஒப்புதல், இத்தனை கரெக்ஷன்தான் என்ற எண்ணிக்கை, நடுவில் வேலை நின்றால் எவ்வளவு என்பது: இவ்வளவையும் ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். “பேர் வரும் தம்பி” என்று சொல்பவர்களிடம் மரியாதையாக மறுத்துவிடலாம்.

வரைந்து கொடுத்த படத்தின் உரிமை யாருக்கு?

இதைத் தெரியாமல் இழப்பவர்கள் அதிகம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-வது பிரிவின்படி பொதுவாகப் படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு, அதன்படி நீங்கள் ஓவியம் வரைந்து கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் முதல் உரிமை பணம் கொடுத்தவருக்குப் போகும். ஆகவே வாய்ப்பேச்சு உங்களுக்கு எதிராகத்தான் முடியும். “பதிப்புரிமை ஓவியருக்கே, இந்த நூலின் தமிழ் அச்சுப் பதிப்பு அட்டைக்கு மட்டும் அனுமதி” என்று ஒரே வரி எழுதி இருவரும் கையெழுத்திட்டால் நிலைமையே வேறு.

உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். படத்தின் உரிமை கைமாறினாலும், வரைந்தவர் நான் என்று சொல்லும் உரிமை 57-வது பிரிவில் உங்களிடமே இருக்கிறது. பெரிய தொகை சம்பந்தப்பட்டால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கோரமாக வரைவதற்குச் சட்டத் தடை உண்டா?

பெரியவர்களுக்கான திகிலுக்குப் பொதுத்தடை இல்லை. சிறுவர்களுக்கான படக்கதையில் கவனம் தேவை. இளைஞர்களுக்குத் தீங்கான வெளியீடுகள் பற்றிய மத்தியச் சட்டம் 1956-லேயே வந்தது. குற்றம், வன்முறை, கொடூரக் காட்சிகளைப் படக்கதையாகச் சொல்லி இளையவர்களைக் கெடுக்கக்கூடிய வெளியீடுகளைப் பற்றியது அது. அமெரிக்காவில் திகில் காமிக்ஸுக்கு எதிரான அலையில் 1954-ல் பதிப்பாளர்களே ‘காமிக்ஸ் கோடு’ என்ற சுயதணிக்கை விதிமுறையைக் கொண்டுவந்தார்கள், 1955-ல் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. நம் சட்டமும் அதே காலத்தின் பிள்ளை. அட்டையில் வயதுக் குறிப்பு போடச் சொல்லிப் பதிப்பாளரிடம் கேளுங்கள்.

ஏஐ வந்த பிறகு இதற்கு எதிர்காலம் இருக்கிறதா?

மலிவான தம்ப்நெயில் வேலை குறையும், அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அப்படி உருவாக்கிய படத்துக்கு உரிமை கோருவது சிக்கல். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு காமிக்ஸ் நூலுக்கு, எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் பாதுகாப்பு தந்துவிட்டு, ஏஐ உருவாக்கிய தனிப்படங்களுக்கு மறுத்தது. உரிமை முக்கியமான பதிப்பாளருக்கு இது பெரிய விஷயம். ரஃப் ஸ்கெட்ச்சையும் அடுக்குகள் கொண்ட கணினிக் கோப்பையும் பத்திரமாக வையுங்கள், கையால் வரைந்ததற்கு அதுவே சான்று.

முன்னே சொன்ன பயிற்சியை நினைத்துப் பாருங்கள்: பந்தியில் ஐந்தாவது இலையின் நுனியைத் திருப்பிப் போட வேண்டும் என்று தோன்றுவது, ஏஐ-க்கு அல்ல, அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குத்தான்.

இப்படிப்பட்ட படங்களையே வரைந்தால் மனம் கெடாதா? வீட்டில் கேட்கிறார்கள்.

நியாயமான கவலை. ஸ்பானிய ஓவியர் கோயா 1819-க்கும் 1823-க்கும் இடையில் தன் வீட்டுச் சுவர்களில் கறுப்பு ஓவியங்களை வரைந்தபோது முதுமையும் செவிட்டுத்தன்மையும் நோயும் அவரைச் சூழ்ந்திருந்தன. படம் அவரைக் கெடுத்ததா, தாங்க உதவியதா என்று கேட்டால் உதவியது என்றே நான் நினைக்கிறேன். பயத்தைக் கையில் எடுத்து அளந்து, கோடாக்கி வைத்துவிட்டால் அதன் வீரியம் குறையும்.

ஆனால் உடம்பு விஷயம் வேறு. இரவெல்லாம் வரைந்து பகலில் தூங்கும் பழக்கம் யாரையும் சோர்வில் தள்ளும். தூக்கம் கெட்டால், வரையாத நேரத்திலும் காட்சிகள் துரத்தினால், சில வாரம் வேறு எதையாவது வரையுங்கள், தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். வீட்டாருக்குப் படத்தைக் காட்டும்போது முடிந்த படத்தை மட்டும் காட்டாமல், அடியில் இருக்கும் பென்சில் வேலையையும் காட்டுங்கள். எவ்வளவு உழைப்பு என்று கண்ணால் பார்த்த அம்மாக்கள் பலர் அதன்பின் படத்தைக் குறை சொல்வதில்லை.

முதல் வேலை கிடைக்க எவ்வளவு காலம் ஆகும்?

கையும் வேகமும் பொறுத்தது, ஆண்டுக் கணக்கில் யோசியுங்கள். காத்திருக்கும்போது ஒரு வேலை செய்யலாம். உரிமைக்காலம் முடிந்த ஒரு பழைய பேய்க்கதையை எடுத்து (எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும்), உண்மையான ஒப்பந்தம் போலவே கெடு வைத்து, ஓர் அட்டையும் நான்கு உள்படமும் வரையுங்கள். பிடித்த பதிப்பகங்களுக்கு, அவர்கள் போட்ட ஒரு புத்தகத்தின் பெயரைக் குறிப்பிட்டு, மூன்று படங்களும் ஓர் இணைப்பும் வைத்துச் சுருக்கமான கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சில மாதம் கழித்துப் புதிய படங்களோடு மறுபடி அனுப்புங்கள்.